காலை மூன்று சொட்டு: நல்லம்பள்ளி முதல் தீர்த்தமலை வரை

மருந்து விதிகள், 1945. விதி எண் 96. விற்பனைக்கு வரும் எந்த மருந்துச் சீசாவிலும் மருந்தின் பெயர், அளவு, அதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்ற விவரம், தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதியாகும் நாள் ஆகியவை அழியாத எழுத்தில் இருக்க வேண்டும். மருந்து ஆய்வாளராகச் சேர்ந்து முதுநிலை ஆய்வாளராக ஓய்வுபெறும் வரை இந்த விதிதான் எனக்குச் சோறு போட்டது. இன்றும் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தைப் படிப்பேன். என் மனைவிக்கு அது பிடிக்காது.

கடந்த பிப்ரவரி முதல் வாரத்தில் என் தங்கை வசந்தா கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். கட்டைவிரல் நீளத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிச் சீசா, மூடியிலேயே சொட்டுக் குழாய். ஒட்டியிருந்த தாளில் ஒரு சூரியன் படம். அதன் கீழே ‘காலை 3 சொட்டு’. வேறொன்றும் இல்லை. விதி 96 கேட்கும் விவரங்களில் ஒன்றுகூட இல்லாத சீசாவை என் பணிக்காலத்திலும் நான் பார்த்ததில்லை. போலி மருந்து செய்கிறவர்கள்கூடப் போலியாக ஒரு தொகுதி எண் போடுவார்கள். படத்துக்குக் கீழே வசந்தா எழுதியிருந்தாள்: “அண்ணா, இது மைக்ரோ டோஸ். அவருக்கு நல்லா கேக்குது. அடுத்த பாட்டில் வாங்கறதுக்கு வூட்டுப் பெரியவங்க ஒருத்தர் கையெழுத்து வேணுமாம். சனிக்கிழமை வரீங்களா?”

‘அவர்’ என்பது அவள் கணவர் மாணிக்கம். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் வந்த வண்டி இடித்து, அவர் லாரி முன்னால் நின்ற வண்டியில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் சின்னசாமி அங்கேயே இறந்தார். பதினோரு வருடம் கூடவே ஓடியவர். மாணிக்கத்துக்குத் தலையில் அடி, அதிலிருந்து வலிப்பு. தூக்கம் போயிற்று. தூக்கத்துக்காகக் குடி வந்தது. பிறகு குடிக்கு எந்தக் காரணமும் தேவைப்படவில்லை.

மைக்ரோ டோஸ் எனக்குப் புதிய சொல் அல்ல. ஓய்வுபெற்றவனுக்குப் படிக்க நேரம் உண்டு. ஒருவகைக் காளானிலும் வேறு சில இரசாயனங்களிலும் மனத்தைப் புரட்டிக் காட்டும் சத்து இருக்கிறது. நிறம் கூடும், நேரம் நீளும், இல்லாதது தெரியும். அதையே உணர முடியாத அளவுக்குக் குறைத்துச் சாப்பிட்டு வந்தால் குடி விடும், பழைய அதிர்ச்சி ஆறும், மூளை தெளியும் என்கிறார்கள். வெளிநாடுகளில் மருத்துவமனைக்குள் வைத்து, ஆளைப் பரிசோதித்து, ஒப்புதல் வாங்கி, பக்கத்தில் மருத்துவர் உட்கார்ந்திருக்க, முழு அளவில் கொடுத்து ஆராய்கிறார்கள். அதில் நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு, மறைக்க மாட்டேன். நுண்ணளவைப் பற்றி மட்டும், கொடுத்தது கேட்கிறதா, கொடுத்தார்கள் என்ற எண்ணம் கேட்கிறதா என்று பிரித்துச் சொல்ல இன்னும் முடியவில்லை. நம் நாட்டில் அந்தச் சத்து 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அது அரூர்ப் பக்கத்துப் பண்ணை வீட்டில் சீசாவில் கிடைக்கிறது என்றால் ஒன்று குற்றம், இல்லையேல் ஏமாற்று. மூன்றாவதாக ஒன்று இருக்க எனக்கு வழி தெரியவில்லை.

பிப்ரவரி 8, சனிக்கிழமை. காலை 6.10.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் தருமபுரி வண்டி. நல்லம்பள்ளிக்கு ஐம்பது ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜன்னல் மூடவில்லை, பனிக்காற்று. நாற்பது கிலோமீட்டரில் தொப்பூர். மலை இரண்டு பக்கமும் நெருங்கி வரும், சாலை வளைந்து சரியும். எச்சரிக்கைப் பலகைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கின்றன. எல்லாவற்றையும் படிக்க ஓட்டுநர் வண்டியை நிறுத்தினால்தான் முடியும். எங்கள் வண்டி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போயிற்று. எதிர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்த லாரிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

7.25. நல்லம்பள்ளி.

நிறுத்தத்திலிருந்து வசந்தா வீடு பத்து நிமிட நடை. மாமரங்கள் பூத்திருந்தன. வழியில் இரண்டு வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள்; ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். யாரும் லேபிள் ஒட்டாமலே எது எது என்று தெரிந்தது.

மாணிக்கம் வாசலுக்கே வந்துவிட்டார். முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு. இரண்டு வருடமாக நான் பார்க்காத மாணிக்கம்.

“வாங்க மச்சான். பனியில வந்திருக்கீங்க, காது அடைச்சிருக்குமே.”

“நல்லா இருக்கீங்களா மாப்ள?”

“தொட்டு முப்பது நாளாச்சுங்க. திங்கக்கெழம வண்டி ஏறுறேன். ஓசூரு லோடு. ஓனர் கூப்புட்டுச் சொல்லிட்டாரு.” பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “இன்னைக்கி தீர்த்தமல வரைக்கும் போறேன். ஒரு வேண்டுதலு.”

“நானும் அண்ணனும் அரூர்ல ஒரு வேலையா போறோம். எல்லாம் ஒண்ணாவே போலாம்,” என்றாள் வசந்தா உள்ளிருந்து.

காபி வந்தது. தட்டில் மூன்று டம்ளர். வாசல்படி வரை வந்தவள் எதையோ மறந்தவள்போல ஒரே ஒரு டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்தாள். அதை மாணிக்கத்தின் கையில் கொடுத்தாள். மருந்துக்கடைகளில் நான் நுழைந்ததும் எதையோ மறைக்க அலமாரிக்குக் கீழே ஒரு கை போகும். அந்தக் கையைத்தான் முப்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படிக்குப் போய்க் கேட்டேன். “அவருக்குத் தெரியுமா?”

“சொன்னா குடிப்பாராண்ணா?” என்றாள் அடுப்பைப் பார்த்தபடி. “பஸ்ஸு மேல, செவுத்து மேல, எங்க பாத்தாலும் எழுதியிருக்கான். குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கலாம்னு. ஊருல யாரு சொல்லிட்டுக் குடுக்கறா?”

இது உண்மைதான். நானே அப்படிப்பட்ட பொடிப் பொட்டலங்களைப் பறிமுதல் செய்திருக்கிறேன். ஆனால் கலப்பது யார், எந்த அடுப்படியில், எந்தக் கையால் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வழக்கு விற்றவர்மேல்தான்.

8.50. தருமபுரியிலிருந்து அரூர்.

நாற்பது கிலோமீட்டர். வண்டியில் கூட்டம். வசந்தா பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் மாணிக்கத்துக்கும் பின்னால் இருவர் இருக்கை. வெளியே மரவள்ளிக் காடு, திட்டுத்திட்டாகக் கற்குன்றுகள். நடத்துநர் தாண்டிப் போனதும் மாணிக்கம் என் காதுப்பக்கம் சாய்ந்தார்.

“மச்சான், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வசந்தாவுக்குத் தெரிய வேணாம். பயந்துக்கும்.”

“சொல்லுங்க.”

“எனக்கு மருந்து வச்சிட்டாங்க.”

இந்த மாவட்டத்தைத் தெரியாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே ‘மருந்து சாப்பிட்டேன்’ என்றால் மருந்துக்கடை மருந்து. ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்றால் அது வேறு: ஒருவரை வசப்படுத்தவோ கெடுக்கவோ சோற்றிலும் குடிநீரிலும் ரகசியமாகக் கலந்து கொடுத்தல். வைக்கப்பட்டவர் இளைப்பார், குழம்புவார், வயிறு பிரட்டும். அதை எடுப்பதற்கென்று ஊர் ஊருக்கு ஆள் உண்டு. மருந்து வைத்த வீடு என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அதிலும் புருஷனுக்கே வைத்தவள் என்று வந்துவிட்டால், அந்தப் பேச்சு அவள் போன பிறகும் நிற்கும்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றேன்.

“காலையில நாக்குல ஒரு மண்ணு வாசம். வவுறு பெரட்டும். செல நாளு பாத்தீங்கன்னா செடி கொடியெல்லாம் கழுவி வச்சாப்புல பளிச்சுனு இருக்கும். எனக்கே சந்தேகம் வந்திருச்சு. கூட ஒக்காந்து குடிப்பானுங்களே ரெண்டு பேரு, அவனுங்கதான். வேற யாரு? தீர்த்தமலயில ஒரு அம்மா இருக்குது, லட்சுமம்மானு. எடுத்துக் குடுத்திச்சு. இன்னைக்கி மூணாவது தடவ.”

“அதுக்கப்புறந்தான் குடிய விட்டீங்களா?”

“அந்தம்மா சொல்லிப்புட்டாங்க மச்சான். இனிமே அடுத்தவன் கையால பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்காத. பொண்டாட்டி கையால மட்டும் சாப்புடுன்னு.” பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அன்னைலருந்து வசந்தா குடுக்கறது மட்டுந்தான்.”

 

10.35. அரூர்.

மாணிக்கம் தீர்த்தமலை வண்டிக்குப் போனார். நாங்கள் ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொன்னதும், “காளான் பங்களாங்களா?” என்றார்.

“நிறைய பேர் வர்றாங்களா?”

“பெங்களூருக் காருங்க வரும். வெள்ளக்காரங்க ரெண்டு பேரு வந்தாங்க. இப்ப ரெண்டு மாசமா நம்ம பொம்பளைங்களும் வராங்க. பர்சு கனமாப் போவாங்க, ஆளு லேசா வருவாங்க.” அவரே சிரித்துக்கொண்டார்.

அரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர். தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு, வெள்ளை மெத்தைகள், மூங்கில் விளக்குகள். பெயர்ப்பலகையில் ‘நலவாழ்வு’ என்ற சொல் இருந்தது; உரிம எண் இல்லை. பெங்களூரிலிருந்து வந்தவர் என்று சொன்ன முப்பது வயதுக்காரர், வெறுங்காலோடு, நல்ல மரியாதையோடு வரவேற்றார்.

“இது மருந்தா?” என்றேன்.

“மருந்துன்னு நாங்க சொல்றதில்ல சார்.”

“அப்போ உணவா? உணவென்றால் அதற்கு ஒரு பதிவு எண் வேண்டும்.”

“உணவும் இல்ல சார். இது ஒரு அனுபவம்.”

“சீசாவில் வருகிற அனுபவமா?”

அவர் கோபப்படவில்லை. அப்படிப்பட்டவர்கள் கோபப்படுவதில்லை. “என்ன காளான்?” என்று கேட்டேன். “மலைக் காளான்.” “எந்த மலை?” பதிலுக்குக் கண்ணை மூடித் திறந்தார். ஒரு சொட்டில் எவ்வளவு சத்து என்றேன். அது ஆளுக்கு ஆள் மாறும் என்றார். சத்து ஆளைப் பொறுத்து மாறாது, சீசாவைப் பொறுத்துத்தான் மாறும் என்றேன். நீங்க ரொம்ப மூளையிலயே வாழறீங்க சார் என்றார். அதை நான் மறுக்கவில்லை.

ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். நோயாளி கையெழுத்திட வேண்டிய இடத்தில் வசந்தாவின் கையெழுத்து. நோயாளியை இவர்களில் யாரும் பார்த்ததே இல்லை. கூடவே ஒரு துண்டுத்தாள். குடிப்பழக்கம், மன அதிர்ச்சி, மூளைக்கோளாறு மூன்றுக்கும் ஒரே பாதை என்று தலைப்பு. அதில் கடைசியில், சிறிய எழுத்தில்: ‘தொடங்குவதற்கு முன் பிற மருந்துகள் அனைத்தையும் நிறுத்திவிடவும்.’

அந்த வரியில் விரலை வைத்தேன்.

“வசந்தா, வலிப்பு மாத்திரை?”

அவள் கைப்பையை அணைத்துக்கொண்டாள்.

“நிறுத்திட்டியா?”

“இவங்கதான் எல்லாத்தையும் நிறுத்தணும்னாங்க. அவருக்குத் தெரியாதுண்ணா. அதே மாதிரி வெள்ளையா கால்சியம் மாத்திர வாங்கி டப்பாவுல போட்டுக் குடுக்கறேன்.”

“எத்தனை நாளா?”

“நாப்பது நாளு.”

திங்கட்கிழமை ஓசூர் லோடு. எங்கே எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரலாம் என்ற நிலையில் ஒரு மனிதர் கனரக வண்டியின் ஸ்டீரிங்கைப் பிடிக்கப் போகிறார், பக்கத்தில் புதிதாக ஒரு கிளீனரை உட்காரவைத்துக்கொண்டு. இடையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

சோதனைக்குக் கொடுக்க எனக்கு ஒரு சீசா வேண்டியிருந்தது. படிவத்தில் பெரியவர் கையெழுத்துக்கான இடத்தில், ‘நோயாளியின் ஒப்புதல் பெறப்படவில்லை, பொருளின் பெயர் தெரிவிக்கப்படவில்லை’ என்று இரண்டு வரி எழுதிக் கீழே கையெழுத்திட்டேன். வெறுங்கால்காரர் கையெழுத்தை மட்டும் பார்த்தார். வசந்தா இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்தாள். நன்கொடை என்று ரசீது வந்தது. சீல் உடைக்காத சீசா என் பைக்குள் போயிற்று.

12.20. தீர்த்தமலை வண்டி.

சாதாரணக் கட்டண வெள்ளைப் பலகை வண்டி. எனக்குப் பத்து ரூபாய். பெண் என்பதால் வசந்தாவுக்குக் கட்டணமில்லாச் சீட்டு. அவள் அந்தச் சீட்டைச் சுருட்டிச் சுருட்டித் துரும்பாக்கிக்கொண்டிருந்தாள்.

“உள்ளதைச் சொல்லிடு வசந்தா. இன்றைக்கே.”

“சொன்னா மறுபடியும் கடைக்குப் போயிடுவாரு.”

“சொல்லலைன்னா தொப்பூருக்குப் போயிடுவாரு.”

அவள் துரும்பைக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு, “அதுகூட இல்லண்ணா,” என்றாள். “எங் கையால இனிமே ஒரு வாய் சாப்புடுவாரா? மருந்து வச்சவனு ஆயிடுவேனே. எங்க வூட்டுக்கு யாரு வருவா?”

அவள் அதற்கு அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினாள். மைக்ரோ டோஸ் என்று அதற்கப்புறம் அவள் சொல்லி நான் கேட்கவில்லை.

1.05. தீர்த்தமலை.

ஊருக்குமேல் ஒரே கல்லாக மலை. பாறையிடுக்குகளில் கசியும் தீர்த்தங்களில் தலை நனைக்க மக்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள்; ஈரத்தலையோடு இறங்குகிறவர்கள் வெயிலிலும் நடுங்கினார்கள். நாங்கள் ஏறவில்லை. லட்சுமம்மா வீட்டைக் கேட்டதும் பூக்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வச்சிட்டாங்களா?” என்று அனுதாபமாகக் கேட்டாள்.

தகரக் கொட்டகை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. மாணிக்கம் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் திருடனைப்போல எழுந்து நின்றார். லட்சுமம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். மருந்து என்பதற்கு அவர் சொல்லும் கன்னடச் சொல் என் காதுக்கு ‘மத்து’ என்றே விழுந்தது. மருந்துக்கு ஒன்று, மயக்கத்துக்கு ஒன்று என்று கன்னடத்தில் இரண்டு சொல் உண்டாம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

வயிற்றில் குழலை வைத்து ‘மருந்தை’ உறிஞ்சித் தட்டில் துப்பிக் காட்டுகிற தொழில். அதை நான் நம்பவில்லை. அவருக்காகப் பரிந்து எழுதுகிறேன் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். மேசைமேல் ஒரு நீள நோட்டு இருந்தது. பழக்கதோஷம், எடுத்துப் புரட்டினேன். அவர் தடுக்கவில்லை.

கோடு போட்டுப் பத்திகள். பெயர், ஊர், என்ன தொந்தரவு, கூட வந்தவர், சாப்பிடும் மாத்திரை, வைத்தது யார். மாணிக்கத்தின் வரியில், சாப்பிடும் மாத்திரை என்ற இடத்தில்: ‘வலிப்பு. நிறுத்தக் கூடாது என்று சொன்னது.’ அன்று காலை முதல் நான் பார்த்த ஆவணங்களிலேயே விதிப்படி இருந்தது அது ஒன்றுதான். கடைசிப் பத்தி மட்டும் எல்லாப் பக்கத்திலும் காலியாக இருந்தது.

“வச்சது யாருன்னு எழுதறதில்லையா?” என்றேன் மெதுவாக.

அவர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். “நீங்க ஆபீசருங்களா?”

“ரிட்டயர் ஆயிட்டேன்.”

“அப்பச் செரி. பாதிக்குமேல வூட்ல வச்சதுதாங்க. குடிய வுடட்டும்னு பொம்பளைங்க எதையாச்சும் கலந்துடுதுங்க. அத எழுதி வச்சா அந்தப் பொம்பள கதி? அடுத்தவன் வச்சான்னு சொல்லிடுவேன். குடிகாரன்கிட்ட குடிக்காதன்னா கேப்பானா? ஒங்கூட்டாளி மருந்து வச்சிட்டான்னா கேட்டுக்குவான்.” கொட்டகைப் பக்கம் தலையசைத்தார். “ஒங்க தங்கச்சி கைப்பைய அணைச்சுக்கிட்டு வந்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். மாத்திரய நிறுத்திடலியே?”

“நாப்பது நாளாச்சு,” என்றேன். அவர் முகம் மாறியது. விறுவிறுவென்று முன்னால் போனார்.

“ஏம்ப்பா, வலிப்பு மாத்திர தெனம் போடறியா?”

“போடறேனே. வசந்தாதான் எடுத்துக் குடுக்குது.”

வசந்தா கைப்பையைத் திறந்து, கால்சியம் மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதற்குப் பக்கத்தில், சூரியன் படம் ஒட்டிய பழைய சீசாவையும். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“நாந்தாங்க வச்சேன்,” என்றாள்.

மாணிக்கம் முதலில் அட்டையைப் பார்த்தார். பிறகு சீசாவைத் திறந்து முகர்ந்தார். அந்த மண் வாசம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மூடிவிட்டார்.

“எத்தன நாளா?”

“நாப்பது.”

எழுந்து குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். ஒருமுறை இல்லை, பலமுறை. திரும்பி வந்து என்னிடம் கேட்டார். “ஒங்களுக்குத் தெரியுமா மச்சான்?”

“காலையிலிருந்து.”

“பஸ்ஸுல நான் சொல்றப்போ?”

“தெரியும்.”

தலையை ஆட்டிக்கொண்டார். “அந்த ரெண்டு பேரையும் கூப்புட்டு வச்சுத் திட்டிட்டேன். ஒருத்தன் ஆத்தாவையே இழுத்துப் பேசிட்டேன்.” பிறகு கைப்பேசியில் லாரி ஓனரைக் கூப்பிட்டார். “அண்ணா, மாணிக்கம் பேசறேன். திங்கக்கெழம வேற ஆளப் போட்டுக்கங்க. இல்லீங்க, குடிக்கல. ஒடம்பு ஓட்டற மாதிரி இல்ல.” அந்தப் பக்கம் ஏதோ சத்தமாகச் சொன்னது கேட்டது. “செரிங்க,” என்று வைத்தார். இத்தனை நாளாகக் காத்திருந்த வேலை அது.

லட்சுமம்மா நோட்டை எடுத்து மாணிக்கத்தின் வரியைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். கடைசிப் பத்தியில் எதுவும் எழுதாமல் மூடினார்.

மாலை 5.40. தருமபுரி.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அவசரப் பிரிவு. வண்டியில் மூவரும் மூன்று இடத்தில் உட்கார்ந்து வந்தோம். பணியிலிருந்த பெண் மருத்துவர் பழைய சீட்டுகளைப் பார்த்தார்.

“நாப்பது நாளா ஃபிட்ஸ் வரலையா? அதிர்ஷ்டம்தான். எப்படித் திரும்ப ஆரம்பிக்கணும்னு எழுதித் தரேன், அதன்படி மட்டும் போடுங்க. வண்டி ஓட்டவே கூடாது.” பிறகு சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “இதுல என்ன இருந்துச்சு?”

நான் மருந்துகளோடு வாழ்ந்தவன். எனக்குத் தெரியவில்லை. அவர் கேஸ் சீட்டில் ‘பெயர் தெரியாத பொருள்’ என்று எழுதினார். “என்னன்னு தெரிஞ்சா வந்து சொல்லுங்க. மூளைக்கு என்ன பண்ணியிருக்கும்னு அப்பதான் சொல்ல முடியும்.”

“எனக்கும் தெரியணும்ங்க,” என்றார் மாணிக்கம்.

பிறகு.

மருந்து வாங்கியவர் யாராக இருந்தாலும், கட்டணம் செலுத்தி அதை அரசு பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. பிரிவு 26, படிவம் 14-ஏ. பொதுமக்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இது தெரியாது. எனக்குத் தெரியும். சீல் உடைக்காத சீசாவை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். பண்ணை வீட்டைப் பற்றித் தனியாக ஒரு மனு. மார்ச்சில் போய்ப் பார்த்தபோது அங்கே பெயர்ப்பலகை இல்லை. மெத்தைகள் மட்டும் வெயிலில் கிடந்தன.

மாணிக்கம் ஒரு புளி மண்டியில் எடை போடும் வேலைக்குப் போகிறார். மாத்திரை அட்டையைத் தானே வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். சித்திரையில் ஒரு திருவிழாவில் இரண்டு நாள் குடித்தார், பிறகு விட்டார். வியாழக்கிழமைகளில் மருத்துவமனையில் ஒரு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுகிறார். சின்னசாமியின் பெயரை அங்கேதான் முதல்முறை வாய்விட்டுச் சொன்னாராம். சொட்டு கேட்டதா, லட்சுமம்மாவின் பொய் கேட்டதா, அல்லது வாய் கொப்பளித்த அன்று வேறு ஏதாவது நடந்ததா? இதைப் பிரித்துச் சொல்ல என்னிடம் படிவம் இல்லை.

சாப்பாடு மட்டும் மண்டிக்குப் பக்கத்து மெஸ்ஸில். காபி தானே போட்டுக்கொள்வார். தனி டம்ளர், தனிப் பால். வசந்தா ஞாயிறுதோறும் போனில் சொல்வாள். அழமாட்டாள், நிலவரம் சொல்வதுபோலச் சொல்வாள். “இந்த வாரமும் அதேதாண்ணா.” என் வீட்டில் காபி கையில் வந்தால் நான் இப்போதெல்லாம் எந்தத் தூள் என்று விசாரிக்காமல் குடித்துவிடுகிறேன். என் மனைவிக்கு இந்த மாற்றத்தின் காரணம் தெரியாது.

ஐந்து மாதம் கழித்து, காலைத் தபாலில் பழுப்பு உறை வந்தது. உள்ளே நான் கொடுத்த படிவமே திரும்பியிருந்தது; சீசா இல்லை. கூடவே ஒரு வரி: ‘மாதிரியின் மீது விதி 96-இன்படி விவரங்கள் இல்லாமையாலும், படிவத்தில் மருந்தின் பெயர் குறிப்பிடப்படாமையாலும், ஆய்வுக்கு ஏற்க இயலாமல் திருப்பப்படுகிறது.’ பெயர் என்ன என்று கண்டுபிடிக்கத்தான் கொடுத்தேன். பெயர் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மேசைக்கு வந்த இப்படிப்பட்ட படிவங்களை இதே வாசகம் எழுதி நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘இயலாமல்’ என்ற சொல் உட்பட.

மாணிக்கத்தைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

“அப்போ அதுல என்ன இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாதா மச்சான்?”

“தெரியாது மாப்ள. இனிமேலும் தெரியாது.”

அந்தப் பக்கம் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

“செரி, வுடுங்க. மண்டிக்கி இன்னைக்கி லீவு. வசந்தா காபி ஊத்திக்கிட்டு வந்து நிக்குது. ஆறிப்போயிடும், குடிச்சிட்டுப் பேசறேன்.”

வருகிற கடிதத்தின் மூலையில் பெற்ற நாளைக் குறிப்பது ஓய்வுபெற்றும் விடாத பழக்கம். பேனாவை எடுத்துக் குறித்தேன். பதில் வந்த நாள்: ஜூலை 9, புதன்கிழமை.